ராணிக்குப் புற்றுநோய் என்று சொன்னபோது

பெண் நாய்க்கு மூன்று வாரம் தாண்டியும் ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தால் அதை ‘ஹீட்’ (இணை சேரும் பருவம்) என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் இரண்டு மாதமும், கடன் வாங்கிய பணத்தில் ஒரு பங்கும் மிச்சமாகியிருக்கும். எங்கள் நாய் ராணியும் அத்தனை நாள் வலியோடு கிடந்திருக்க மாட்டாள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் ரோட்டில், அரவேணுவுக்குப் பக்கம் எங்கள் வீடு. நான், மாமியார், பள்ளிக்கூடம் போகும் மகள், இவ்வளவு பேர்தான் வீட்டில். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார், மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அதனால் ராணி விஷயத்தில் அலைந்தது, அழுதது, கடன் கேட்டது எல்லாம் நான் ஒருத்தியாகத்தான். மலையில் நாய் வளர்க்கிற வேறு யாருக்காவது இந்த அலைச்சல் குறையட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ராணி தெருவில் பிறந்த நாய் இல்லை. எங்கள் வீட்டுக்கு மேலே, படிக்கட்டு ஏறினால் வரும் வாடகை வீட்டில் ஒரு குடும்பம் சில வருஷம் இருந்தது. அவர்கள் வளர்த்த நாய். அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கீழே இறங்கியபோது சாமான் ஏற்றிய வேனில் பீரோவுக்கு இடம் இருந்தது, கிழிந்த மெத்தைக்கு இடம் இருந்தது, ராணிக்கு இல்லை. பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிட்டுப் போவது 1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அவள் அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டாள். ரோட்டில் வேன் சத்தம் கேட்டால் எழுந்து படிக்கட்டின் மேல்படி வரை ஓடி வருவாள், வண்டி தாண்டிப் போனதும் திரும்பிப் போய் அதே இடத்தில் படுப்பாள். சோறு வைத்தால் நான் கீழே இறங்கி வந்த பிறகுதான் தொடுவாள். கிட்டே போனால் உறுமல். மழையில் நனைந்து, விலா எலும்பு எண்ணும்படி ஆன பிறகும் அந்தக் கதவை விட்டு நகரவில்லை.

எங்கள் பக்கம் சிறுத்தை வந்து நாயைத் தூக்கிக்கொண்டு போவது புதுசில்லை. தேயிலைச் செடிக்குள் பதுங்கி வந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. வெளியே கட்டிப்போட்ட நாய்களின் சங்கிலி மட்டும் காலையில் கிடக்கும். அவள் வெட்டவெளியில் படுத்திருப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கழுத்தில் கயிறு போடப் போனேன். பயத்தில் கையைக் கடித்துவிட்டாள். ஆழமான கடி இல்லை, ஆனாலும் ரத்தம் வந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நாய் கடித்தால் முதல் வேலை சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுவது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவுங்கள், 15 நிமிஷம் என்பது நினைப்பதைவிட ரொம்ப நேரம். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்காதீர்கள், கட்டுப் போடாதீர்கள். நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். எனக்குக் கைத்தோலில் போட்டார்கள். கடித்த நாளில் ஒரு தடவை, அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களில் ஒவ்வொரு தடவை. ரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்தினார்கள். அது நன்றாகவே வலிக்கும், ஆனால் அதை வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. “நாய் நல்லாத்தானே இருக்கு, பத்து நாள் பாக்கலாம்” என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நாயைக் கவனிக்கத்தான் வேண்டும், அதற்காக ஊசியை நிறுத்தி வைக்கக் கூடாது. வெறிநோய் வந்துவிட்டால் பிறகு மருந்தே கிடையாது. மாமியாருக்கு இன்னமும் தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிதான் நினைவு. 1907-இலிருந்து குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருப்பதால் எங்கள் மலையில் நாய்க்கடி ஊசியைப் பற்றி ஆளுக்கொரு பழைய கதை வைத்திருப்பார்கள். இப்போது அந்த வயிற்று ஊசி நம் நாட்டில் எங்கேயும் இல்லை, அதற்குப் பயந்து யாரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

கடி வாங்கிய பிறகும் நான் போவதை நிறுத்தவில்லை. தினமும் ஒரே நேரம், ஒரே தட்டு, அதே சேலை முந்தானையைப் போர்த்திக்கொண்டு போய்ப் பக்கத்துப் படியில் உட்கார்ந்துவிடுவேன். கண்ணுக்கு நேரே பார்க்க மாட்டேன், கையை நீட்ட மாட்டேன். உதறி எறியப்பட்ட நாய்க்கு நம்முடைய பிரியத்தைவிட நம்முடைய ஒழுங்குதான் முதலில் தேவைப்படுகிறது. இன்று வருகிறவள் நாளையும் வருவாளா என்றுதான் அது பார்க்கிறது. கடைசியில் ஒரு சாயங்காலம், நான் எழுந்து படியிறங்கும்போது பின்னாலேயே நகத்தின் டக் டக் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். எங்கள் வீட்டு அடுப்படிக்குப் பின்னால் விறகு அடுக்கும் தகரக் கொட்டகை வரை வந்துவிட்டாள். மாமியார் நாயை வீட்டுக்குள் சேர்க்கிறவர் இல்லை. அதனால் கொட்டகைக்கு ஒரு கதவு அடித்து, சாக்கு விரித்து, ராத்திரி தாழ்ப்பாள் போட்டு வைத்தேன். மலையில் நாய் வளர்ப்பவர்கள் மற்ற செலவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இரவில் பூட்டி வைக்க ஒரு கதவு முதலில் வேண்டும்.

அப்புறம்தான் ரத்தம். கொட்டகைச் சாக்கில் சொட்டுச் சொட்டாக இருந்தது. பெண் நாய், ஹீட் வந்திருக்கும் என்றார்கள் எல்லோரும், நானும் அப்படித்தான் இருக்கும் என்று இருந்தேன். இரண்டு வாரம், மூன்று வாரம் ஆகியும் நிற்கவில்லை. எந்நேரமும் நக்கிக்கொண்டே இருந்தாள், ஒரு வாடையும் வந்தது. ஒரு மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் கிட்டே வந்துகூடப் பார்க்கவில்லை, கர்ப்பப்பையில் புண் என்று சொல்லி ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரை முடிந்ததும் வேறு மாத்திரை. அதுவும் முடிந்ததும் மருந்துக்கடையில் இருப்பவர் ஒரு சிரப் கொடுத்தார். இப்படியே இரண்டு மாதம் ஓடி, நாலாயிரத்துக்கு மேல் போயிற்று. அவளுக்கு வாலைத் தூக்கிப் பார்த்திருந்தால் போதும், அரை நிமிஷ வேலை. அதை யாரும் செய்யவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான். ஒருநாள் அவள் மல்லாந்து படுத்திருந்தபோது நானே பார்த்தேன். பிறப்புறுப்பில் சிவப்பாக, காலிஃபிளவர் பூவை உடைத்து வைத்த மாதிரி ஒரு சதை. தொட்டால் ரத்தம் கசிந்தது.

நாய்க்கு வரும் ஹீட்டில் ரத்தம் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான். மொத்தமாகவே மூன்று வாரத்தில் முடிந்துவிடும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரும். அதற்கு மேல் போனாலோ, கட்டி மாதிரி ஏதாவது தெரிந்தாலோ, மூக்கில் ஒரு பக்கம் மட்டும் அடிக்கடி ரத்தம் வந்தாலோ மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கட்டியிலிருந்து செல் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதைக் கேட்பதற்கு நாம் படித்திருக்க வேண்டியதில்லை.

பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். தெரிந்த அண்ணன் ஒருவரின் வண்டியை வாடகைக்குப் பேசி கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனேன். போக, வர, அங்கே காத்திருக்க எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய். கொண்டை ஊசி வளைவுகளில் ராணி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். கிளம்புவதற்கு முன் சோறு வைக்காதீர்கள், சீட்டில் பழைய பெட்ஷீட்டோடு ஒரு பிளாஸ்டிக் ஷீட்டும் விரித்துக்கொள்ளுங்கள். குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழ சீசனில் யானை ரோட்டுக்கு வரும், அதனால் விடிவதற்கு முன்னால் இறங்க வண்டிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கீழே போய்ச் சேரவே பத்து மணி தாண்டிவிடும், அதைக் கணக்கு வைத்து டாக்டரிடம் நேரம் வாங்குங்கள்.

அந்த டாக்டர் ஒரு கண்ணாடிச் சில்லைக் கட்டியின் மேல் ஒற்றி எடுத்து, சாயம் போட்டு, பக்கத்து அறையில் வைத்துப் பார்த்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்து, “இது ஒரு வகைப் புற்றுநோய்மா” என்றார். எனக்கு மேற்கொண்டு எதுவும் காதில் விழவில்லை. என்னுடைய அப்பாவைப் புற்றுநோயில்தான் பறிகொடுத்தோம். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவும் லோஷன் வாடையும்தான். ராணியைப் பார்த்தேன், மேஜை மேல் நடுங்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் தண்ணீர் கொடுத்து, “நான் சொன்னதோட மறுபாதியையும் கேளுங்க. புற்றுநோயிலேயே நல்லா குணமாகிற வகை இது. பெரும்பாலான நாய்க்கு முழுசா சரியாயிடும்” என்றார்.

அன்று அவர் சொன்னதும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்த்துச் சொல்கிறேன். இது நாயிடமிருந்து நாய்க்குத் தொற்றும் புற்றுநோய். ஆங்கிலத்தில் சுருக்கமாக டி.வி.டி. (TVT) என்பார்கள். இணை சேரும்போதும், சில சமயம் நக்குவதிலும் மோப்பம் பிடிப்பதிலும் கட்டியின் உயிருள்ள செல்லே ஒரு நாயிலிருந்து மற்றொன்றுக்கு ஒட்டிக்கொண்டு வளரும். கிருமி எதுவும் இல்லை, அந்த செல்தான் நோய். பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் உடம்பில் தோன்றிய செல், அந்த நாய் செத்தும் தான் சாகாமல் நாய் மாற்றி நாய் என்று உலகம் முழுக்க வந்துகொண்டிருக்கிறதாம். நாயின் செல்லில் 78 குரோமோசோம் இருக்கும், இந்தக் கட்டியின் செல்லில் அறுபதை ஒட்டித்தான் இருக்கிறது. ராணியின் உடம்பில் வளர்ந்தது ராணியுடையதே இல்லை. இதைத் தெரிந்துகொண்ட ராத்திரி எனக்கு அவள் மேல் ஒரு தனிப் பரிதாபம் வந்தது. மனுஷருக்கு இது ஒட்டாது. இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், பக்கத்து வீட்டில் புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து பிள்ளைகளை எங்கள் வாசலுக்கே அனுப்பவில்லை.

மருந்தின் பெயர் வின்கிரிஸ்டின். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கும் இதைத்தான் கொடுக்கிறார்கள். அது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கும் மருந்து என்று டாக்டர் சொன்னார். எங்கள் அம்மா ஊரில் அதைச் சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டுக்கு முன்னால் வைக்க விடமாட்டார்கள். வாரம் ஒரு ஊசி, ரத்தம் ஓடும் நரம்பில். இங்கே ஒரு எச்சரிக்கை. செடிதானே என்று அந்த இலையை அரைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம், அது விஷச் செடி. ஊசியையும் பழக்கமில்லாத கை போடக் கூடாது. மருந்து நரம்புக்கு வெளியே ஒழுகினால் அந்த இடத்துச் சதையே வெந்து அழுகிவிடும். அதனால் டாக்டர் முதலில் வெறும் சலைனை ஏற்றி நரம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மருந்தைச் செலுத்தினார். உங்கள் டாக்டரும் அப்படிச் செய்கிறாரா என்று கவனியுங்கள். ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் ரத்தம் எடுத்து வெள்ளை அணுக்களைப் பார்க்க வேண்டும். மருந்து அவற்றைக் குறைக்கும். 4,000-க்குக் கீழே இருந்தால் அந்த வாரம் ஊசி கிடையாது, தள்ளிப் போடுவார்கள். இந்த டெஸ்ட்டை மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஊசி போட்ட பிறகு இரண்டு மூன்று நாளைக்கு மருந்தின் மிச்சம் மூத்திரத்திலும் மலத்திலும் வாந்தியிலும் வெளியேறும். கையுறை போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும், கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைகளும் கிட்டேயே போகக் கூடாது. நான் கொட்டகையை என் கையாலேயே கழுவினேன், மகளை விடவில்லை. ராணிக்கு ஊசி போட்ட மறுநாள் சோறு இறங்காது. கோழி வேகவைத்த தண்ணீரில் சோற்றைக் குழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் நக்குவாள். மூன்றாம் நாள் சரியாகிவிடும். காய்ச்சல் வந்தாலோ, இரண்டு நாளுக்கு மேல் எதுவும் சாப்பிடாவிட்டாலோ டாக்டருக்கு உடனே போன் செய்யச் சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், சின்னத் தொற்றுகூடப் பெரிசாகிவிடும்.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். மருந்துக் குப்பி நூறு ரூபாய்க்குள்தான். உயிரைக் காப்பாற்றும் மருந்து அவ்வளவு மலிவு, அதைப் போட்டுக்கொள்ள மலையிறங்கும் வண்டிக்கு 3,500. ரத்த டெஸ்ட், டாக்டர் பீஸ், முதலில் வீணாய்ப்போன மாத்திரைகள், பிறகு செய்த கருத்தடை ஆபரேஷன் எல்லாம் சேர்த்து 30,000-க்குக் கொஞ்சம் மேலே ஆயிற்று. அதில் பாதி வண்டி வாடகை. எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை, கூடவே நான் தைக்கும் பிளவுஸ். பச்சை இலைக்கு விலை விழுந்திருந்த நேரம் அது. மகளிர் குழுவில் கடன் கேட்டபோது எதற்கென்று கேட்டார்கள். நாய்க்கு என்று சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வீட்டுக்காரர் போனில், “புள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும், நீ யாரோ விட்டுட்டுப் போன நாய்க்குக் காச இறைக்கிற” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, அதனால்தான் அது அவ்வளவு வலித்தது. இரண்டாவது தடவை கோயம்புத்தூர் போய்விட்டுத் திரும்பும்போது, ஏதாவது ஒரு காப்பகத்தில் இவளை விட்டுவிட்டு வந்தால் என்ன என்று எனக்கே தோன்றியது. மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். காரமடை வரை தூங்காமல் இருந்தவள், என் சேலைத் துணியை முன்னங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள். அதற்குப் பிறகு அந்த யோசனை வரவில்லை.

அவளுக்கு அந்த ஊசி நல்லதுக்கு என்று எப்படித் தெரியும்? தெரியாது. அவளைப் பொறுத்தவரை நான் வாராவாரம் வண்டியில் ஏற்றி, வாந்தி எடுக்க வைத்து, மருந்து வாடை அடிக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய், காலில் மயிரைச் சிரைத்துக் குத்த வைக்கிறவள். முதல் தடவை வாயைக் கட்டித்தான் போட்டார்கள். மேஜையிலிருந்து குதிக்கப் பார்த்தாள், மூத்திரம் போய்விட்டாள். அடுத்த தடவையும் நடுங்கினாள், ஆனால் குதிக்கவில்லை. அதற்கும் அடுத்த தடவை டாக்டர் ரப்பர் டியூபைக் காலில் கட்டும்போது முகத்தைக் கொண்டுவந்து என் அக்குளுக்குள் புதைத்துக்கொண்டாள். மூச்சு மட்டும் சூடாக, வேகமாக வந்துகொண்டிருந்தது. கால் அசையவில்லை. “வாய்க்கட்டு வேண்டாம்மா” என்றார் டாக்டர். என் கையைக் கடித்த அதே வாய். நானும் சாமி கும்பிடுகிறவள்தான். ஆனால் என்னுடைய வேண்டுதல் எல்லாம் இதைக் கொடு, அதைச் செய்கிறேன் என்கிற கணக்கு. அப்பாவுக்குப் பலிக்கவில்லை என்று பல வருஷம் கோயில் பக்கமே போகாமல் இருந்தவள் நான். வலிக்கிற இடத்திலும், வலிக்கக் கூட்டிவந்தவளின் அக்குளிலேயே முகத்தை வைக்க முடியும் என்பதை எனக்கு ராணிதான் காட்டினாள். அந்த வாரமே மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். எதுவும் கேட்காமல் நின்றுவிட்டு வந்தேன்.

நடுவில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மண் சரிந்து, மரம் விழுந்து ரோடு அடைத்துவிட்டது. அடுத்த ஊசிக்கு நாள் வந்துவிட்டது, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். சில நாள் தள்ளிப்போனால் பரவாயில்லை, ஆனால் பாதியில் நிறுத்திவிடக் கூடாது என்றார். அதோடு, “மேலேயே யாராவது கால்நடை டாக்டர் இருந்தா இந்தச் சீட்டைக் காட்டுங்க, நான் பேசறேன்” என்றார். இது முதலிலேயே எனக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு வாடகை மிச்சம்! கோத்தகிரியில் ஒரு கால்நடை டாக்டர் எடை, டோஸ், ரத்த ரிப்போர்ட் எல்லாம் எழுதிய சீட்டைப் பார்த்துவிட்டு, போனில் பேசிவிட்டு, மீதி ஊசிகளைத் தானே போட ஒத்துக்கொண்டார். அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். நோயைக் கண்டுபிடிக்கவும் முதல் ஊசிக்கும் மலையிறங்க வேண்டியிருக்கலாம். அப்போதே மொத்த சிகிச்சையையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், மீதியைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நாம் கேட்காவிட்டால் அவர்களுக்கு நம் ஊரின் தூரம் தெரியாது.

அந்த மழையில்தான் மாமியாரும் மாறினார். தகரக் கொட்டகைக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. நான் சாக்கை மாற்றிக்கொண்டிருந்தபோது அத்தை அடுப்படிக் கதவைத் திறந்து, “ஏம்மா, நோவு புடிச்ச உசுர ஈரத்துல போடுவியா? உள்ள கொண்டா” என்றார். நான் நம்பாமல் நின்றேன். “பைரவரோட வாகனம்மா அது. தருமர் கூடக் கடேசி வரைக்கும் நடந்தது பொண்டாட்டியா, கூடப் பொறந்தவனா? நாய்தானே” என்று சொல்லிக்கொண்டே அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த விறகைத் தள்ளி இடம் செய்தார். அன்றிலிருந்து ராணி அடுப்படியில்தான் படுக்கிறாள். அத்தை அவளைத் தொடமாட்டார், ஆனால் காலையில் முதல் பாலில் ஒரு கரண்டி அவளுக்கு வைக்காமல் காபி போடமாட்டார்.

முதல் இரண்டு ஊசியிலேயே ரத்தம் குறைந்துவிட்டது. கட்டி வாராவாரம் சுருங்குவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. இங்கேதான் நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்களாம். ரத்தம் நின்றது, செலவும் நிற்கட்டும் என்று. கட்டி சுத்தமாகப் போய்விட்டது என்று டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது, மிச்சம் இருந்தால் திரும்ப வளரும். எல்லாம் முடிந்து, ரத்த அணுக்கள் பழைய நிலைக்கு வந்த பிறகு கருத்தடை செய்தோம். தெருவில் சுற்றும் நாய்க்கு இந்த நோய் வருவதற்கு முக்கியமான வழியே இணை சேர்வதுதான் என்பதால், நாயை எடுத்தவுடன் கருத்தடையைப் பற்றி டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது. வெறிநோய்த் தடுப்பூசியையும் சிகிச்சை நடக்கும்போது எப்போது போடலாம் என்று அவரிடமே கேட்டுச் செய்யுங்கள்.

ராணி இன்னமும் காலையில் மேல்வீட்டுக்குப் போய்விட்டு வருகிறாள். அங்கே இப்போது வேறு குடும்பம் வந்துவிட்டது. வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள், அப்புறம் எழுந்து இறங்கி எங்கள் அடுப்படிக்கு வந்துவிடுவாள். முன்பெல்லாம் எனக்கு அது உறுத்தும். இவ்வளவு செய்தும் நம்மை ஏற்றுக்கொள்ளவில்லையே என்று மகளிடம் புலம்பியிருக்கிறேன். “அவங்கள மறந்தாத்தான் நம்மளப் புடிக்கும்னு இருக்காம்மா?” என்று அவள் கேட்டாள். அப்பாவை நினைத்துக்கொண்டேன். இப்போது ராணி படியேறும்போது நான் கூப்பிடுவதில்லை.

போன வாரம் கட்டபெட்டுப் பக்கத்திலிருந்து என்னிடம் துணி தைக்கக் கொடுக்கும் அக்கா வந்திருந்தார். அவர்கள் வீட்டு நாய்க்கு ஒரு மாதமாக ரத்தமாம், ஹீட்டுதான் என்று சொன்னாராம் யாரோ. வாலைத் தூக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டேன், பார்க்கவில்லை என்றார். ராணியின் சீட்டு, ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கோத்தகிரி டாக்டரிடம் நானும் கூடப் போகிறேன்.